பொப்லர்க் கதியால்

ஏப்ரல் மாதத்துப் பொப்லர் மர மொட்டைக் கிள்ளினால் விரலில் மஞ்சளாக ஒரு பிசின் ஒட்டும். தேன்மெழுகும் கற்பூரமும் கலந்தாற்போன்ற அந்த வாசம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் இரண்டு நாளைக்குப் போகாது. நான் ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்தபோது, கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் அபார்ட்மென்ட் லிப்டுக்குள் ஏறிய ஒரு பெண்மணி மூக்கைச் சுளித்தது அந்த வாசத்துக்குத்தான். நானும் சுபாவும் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, மாடி வரும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம்.

சுபா எங்கள் எதிர்வீட்டுத் தவம் அங்கிளின் மகள். அங்கிளும் அப்பாவும் ஒரே பாக்டரியில் வேலை, ஒரே காரில் போக்குவரத்து, சனிக்கிழமை ஆட்டிறைச்சிகூட ஒன்றாக வாங்கிப் பங்குபோடுவார்கள். அப்படி இருந்தவர்கள் அஜக்ஸுக்கு அப்பால் ஒரு காணியைச் சேர்ந்து வாங்கி, வடக்குப் பாதி அங்கிளுக்கு, தெற்குப் பாதி எங்களுக்கு என்று உறுதி எழுதிக்கொண்டது யாருக்கும் ஆச்சரியமாக இருக்கவில்லை. மிளகாயும் கத்தரியும் போடுவது எண்ணம். ஆனால் அந்த வெளியில் காற்று கன்றுகளை நிற்கவிடாது.

பக்கத்துக் காணி வெள்ளைக்காரக் கிழவர்தான் வழி சொன்னார். கறுப்புப் பொப்லர் தடிகளை ஒரு பிக்கப் நிறையக் கொண்டுவந்து இறக்கி, வரிசைகளை வடக்குத் தெற்காக வைத்து, இடையில் அகலமாக வெளி விட்டு நடுங்கள், மரம் காற்றை மறிக்கும், இரண்டு பக்கமும் வெயில் விழும், நடுவில் பயிர் செய்யலாம், இருபது வருடத்தில் மரம் பலகைக்குப் போகும் என்றார். அவர் சொன்னபடியே நட்டார்கள். "இதுகள் ரெண்டும் படிச்சு முடிச்சுக் கலியாணத்துக்கு நிக்கேக்கை மரமும் வெட்டச் சரியா இருக்கும்" என்று அப்பா எங்களைக் காட்டிச் சொன்னார். சுபா வெட்கப்பட்டாள், எனக்கு எரிச்சல் வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு கட்டுத் தடி மிஞ்சிவிட்டது. ஊரில் பூவரசையும் கிளுவையையும் வெட்டிக் குத்தி வேலியாக்குவார்களே, அந்தத் தடிக்குக் "கதியால்" என்று பெயர். குத்தினால் முளைக்கிற தடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு யாழ்ப்பாணத்தான் சும்மா நிற்பானா? "காணியெண்டால் நடுவிலை ஒரு வேலி வேண்டாமே?" என்றார் தவம் அங்கிள். அப்பாவும் "ஓம், அதுவும் சரிதான்" என்றார். வேலிக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை. அங்கே தாண்டிவர ஒரு ஆடு மாடுகூட இல்லை.

நைலோன் கயிற்றின் றோட்டுப் பக்கத்து நுனியைச் சுபா பிடித்தாள், ஓடைப் பக்கத்து நுனியை நான் பிடித்தேன். அப்பா குதிக்காலால் நிலத்தில் ஒரு கோடு கீறி, "இதிலை நில், அசையாதை" என்று சொல்லிவிட்டு அலவாங்கோடு குழி போடப் போனார். நான் நின்ற இடத்தில் பனி கரைந்த தண்ணீர் ஊறி, என் புதுச் சப்பாத்து சேற்றுக்குள் இறங்கத் தொடங்கியது. சப்பாத்தில் சேறு பட்டால் அம்மா கொல்லுவா. அதனால் வடக்கே, காய்ந்த புல்லுக்கு, இரண்டு எட்டு வைத்து ஏறி நின்றுகொண்டேன். கயிற்றின் வழியே அப்பா குழி போட்டு வர, அங்கிள் அடிக்கொரு தடியாகக் குத்தி மிதித்துக்கொண்டு வந்தார்.

பொப்லர் வளரும் வேகம் பயங்கரமானது. ஆறாவது கோடையில் அந்த வேலி இரண்டு மாடி உயரத்துக்குச் சுவர்போல எழுந்து, கிழக்கு மேற்காக நின்றதால் தன் நிழல் முழுவதையும் வடக்கே அங்கிளின் மிளகாய்ப் பாத்திகளில் கொட்டியது. எங்கள் பக்கம் காய் பழுத்துச் சிவக்க, அவருடையது பச்சையாகவே பனிக்கு அகப்பட்டது. வெட்டுவோம் என்றார் அவர். இன்னும் இரண்டு வருடம் விடு என்றார் அப்பா. ஒரு நாள் அங்கிள் நில அளவைக்காரரைக் கூட்டிவந்தார். றோட்டுப் பக்கம் வேலி சரியாக எல்லையில் நின்றது. ஓடைப் பக்கம் அங்கிளின் காணிக்குள் ஐந்தடி போயிருந்தது.

"ஊரிலை கதியால் அரக்கின புத்தி இஞ்சை வந்தும் போகேல்லை என்ன?" என்றார் அங்கிள். ஊரில் இதைவிடக் கேவலமான பேச்சு கிடையாது. இரவோடிரவாகத் தடியைப் பிடுங்கி அடுத்தவன் நிலத்தில் தள்ளி நடுகிற கள்ளன் என்று அர்த்தம். அங்கிள் என் பக்கம் திரும்பி, "கயிறு பிடிச்சது நீதானே பிள்ளை? நேராப் பிடிச்சனியோ?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை, நான் இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று அவரே ஆசைப்பட்டதாக இப்போது தோன்றுகிறது.

"நேராத்தான் பிடிச்சனான்" என்றேன். பதினைந்து வயது. சுபா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சொல்லால் என் அப்பா கள்ளனானார். அடுத்த மாதம் தவம் அங்கிள் குடும்பம் யூனியன்வில்லுக்குப் போய்விட்டது. காணியின் இரண்டு பாதியையும் விற்றார்கள், வாங்கியவன் வேலியையும் வரிசைகளையும் ஒரே கிழமையில் சரித்தான். பலகைக்கு ஒரு மரமும் தேறவில்லை.

போன இலையுதிர் காலத்தில், அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் இருந்தபோது, இத்தனை வருடம் மறைத்ததை ஒருவழியாகச் சொன்னேன். சேறு, சப்பாத்து, இரண்டு எட்டு எல்லாவற்றையும். அவர் கண்ணைத் திறக்காமலே, "தெரியும் பிள்ளை. நீ விலகி நிண்டதை அண்டைக்கே கண்டனான்" என்றார்.

"அப்ப ஏனப்பா சொல்லேல்லை?"

"எங்கடை பக்கம்தானே கூடுது எண்டு விட்டிட்டன். பிறகு சொன்னால் நீ பொய்க்காரி ஆகியிருப்பாய்."

நான் அழுதேன். அந்தப் பதிலின் முதல் வசனத்துக்கா இரண்டாவதுக்கா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது அந்த இடத்தில் ஜன்னலில்லாத ஒரு பெரிய கிடங்கு நிற்கிறது. 401 நெடுஞ்சாலையில் போகும்போது தெரியும். ஓடையைக் குழாய்க்குள் விட்டுவிட்டார்கள். கிழவரின் காணியிலும் ஒரு பொப்லர் இல்லை. அப்பாவின் செத்தவீட்டுக்குத் தவம் அங்கிள் கைத்தடியோடு வந்தார். பெட்டிக்குள் அப்பாவின் முகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, எங்களோடு பேசாமல் போனார். போகும்போது சுபா தன் நம்பரை ஒரு துண்டில் எழுதித் தந்தாள்.

அது என் மேசையில் கிடக்கிறது. அங்கிளுக்கு எண்பது தாண்டிவிட்டது. "கயிறு பிடிச்சதிலை பிழை விட்டது நான்தான் அங்கிள், அப்பா இல்லை" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் அவர் அடுத்ததாக, "உன்ரை அப்பாவுக்கு அது தெரியுமே?" என்று கேட்பார்.