மகள் ‘பாஸ்’ சொன்ன கேள்வி

நாங்கள் பிழைக்க வந்த வளைகுடா ஊரான மங்காஃபில் எங்கள் தமிழ்ச் சங்கம் பள்ளி அணிகளுக்கு வினாடி வினா நடத்தியது. நர்ஸான நான் டூட்டியை மாற்றிக்கொண்டு போயிருந்தேன். உலகத் தலைநகரங்கள் எல்லாம் என் மகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான்தான் உருப்போட வைத்திருந்தேன்.

கடைசிக் கேள்வி வந்தது. “முட்டம் கலங்கரை விளக்கம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது?”

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஊரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தெரியும் விளக்கு அது. ஆனால் அவள் திருதிருவென்று விழித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பார்வையாளர் உதட்டை அசைத்தாலே அணியை வெளியேற்றிவிடுவார்கள். வாயை இறுக மூடிக்கொண்டேன். நெருக்கியடித்த வரிசையில் அவள் பார்வைக்குத் தப்பி எழுந்து போகவும் வழியில்லை.

“பாஸ்” என்றாள். எதிரணி “கன்னியாகுமரி” என்றது. கோப்பையும் அவர்களுக்கே போனது.

காரில் ஏறியதும் வெடித்தேன். “லீவுக்கு லீவு போற இடம்கூடத் தெரியாதா மக்ளே?”

“அதுதான் முட்டமா? ‘ஊருக்குப் போறோம்’னுதானே மம்மி எப்பவும் சொல்லுவீங்க? பேரே சொன்னதில்லையே!”

சிக்னலில் வண்டி நின்றது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பாஸ் சொல்லவும் வழியில்லை.