ஜெபர்சனின் இரண்டாம் இமை

வங்கியில் வாங்கிய காகிதச் சுருளை மேசை விளிம்பில் முட்டை உடைப்பதுபோல ஒரு தட்டு தட்டுகிறாள் மில்லி ஹாவ்லிசெக். நாற்பது நிக்கல்கள், அதாவது ஐந்து சென்ட் நாணயங்கள், துணியின்மேல் சரிகின்றன. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு மஞ்சள் பேருந்தை நிறுத்தியாயிற்று. இனி பிற்பகல் மூன்று மணிவரை அவள் இந்த உலகத்தில் இல்லை. சீடர் ரேப்பிட்ஸ் நகரத்தின் மார்ச் மாதத்துப் பனிவெளிச்சம் ஜன்னல் வழியே வந்து நாணயங்களின்மேல் பால்போலப் படிந்திருக்கிறது.

அவள் முதலில் பார்ப்பது ஆண்டை அல்ல, நிறத்தை. போர்க்காலத்து நிக்கல்களில் வெள்ளி கலந்திருக்கிறது. கைபட்டுக் கைபட்டு மழைமேகமாய்க் கறுத்துவிடும். "வாடா, போருக்குப் போயிட்டு வந்தவனே" என்று அப்படி ஒன்றைத் தனியே ஒதுக்குவாள். 1943 என்றால் மூச்சு நின்றுவிடும். லென்ஸை எடுத்து, நாணயத்தில் பொறித்திருக்கும் பழைய ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சனின் கண்ணை மட்டும் பார்ப்பாள். "தூங்கு தாமஸ், நீ இல்ல" என்று திருப்பி வைப்பாள்.

மில்லிக்கு ஐம்பத்தெட்டு வயது. எதையும் ஓரத்தைப் பிடித்துத்தான் எடுப்பாள். நாணயத்தை அப்படித்தான் தொடவேண்டும், அந்தப் பழக்கம் விரல்களிலேயே தங்கிவிட்டது. கசகசா வைத்த கொலாச்சி ரொட்டியைக்கூட விளிம்பில் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கடிப்பாள். பக்கத்து வீட்டுக்காரி நான் சிரித்தால், "சிரிடி, சிரி. ஒருநாள் ரொட்டியிலயும் ரெட்டை அச்சு கெடைக்கும்" என்பாள்.

அவள் தேடுவது இரட்டையைத்தான். எஃகு அச்சைச் செய்யும்போது உருவத்தை ஒருமுறைக்கு மேல் அழுத்துவார்கள். இரண்டாம் அழுத்தம் மயிரிழை விலகினால், அந்த அச்சில் பிறக்கும் ஒவ்வொரு நாணயத்திலும் எழுத்தோ கண்ணோ இரண்டாகிவிடும். அது பிறவி மச்சம். நாணயம் அடிக்கும்போது இயந்திரம் தளர்ந்து வழுக்கினாலும் இரண்டாகத்தான் தெரியும். ஆனால் தட்டையாக, படிக்கட்டுபோல. அது வெறும் காயம், யாரும் சீந்தமாட்டார்கள். மச்சத்தையும் காயத்தையும் பிரித்துச் சொல்வதில் மில்லியை மிஞ்ச எங்கள் நாணயச் சங்கத்தில் ஆளில்லை. சனிக்கிழமை காலைகளில் நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூடுவோம். "மில்லி இல்லேன்னா இல்லதான். அதுக்கு மேல அப்பீல் கிடையாது" என்பார் தலைவர் ராய்ஸ்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஆர்வில் டெஸ்டால் அங்கே ஒரு நிக்கலைக் கொண்டுவந்தார். ஓட்ஸ் ஆலையில் வேலை பார்த்தவர், அதிகம் பேசாதவர். "நாப்பத்திமூணு, மில்லி. கண்ணுக்குக் கீழ இன்னொரு இமை இருக்கு பாரேன்." மில்லி விளக்கை ஒரு பக்கமாய்ப் பிடித்து ஒருமுறை பார்த்தாள். தட்டையாக இருந்தது. "காயம்தான், ஆர்வில். மத்த சில்லறையோட மெஷின்ல போட்டு ஒரு சோடா வாங்கிக் குடிங்க." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். போகும்போது மாடிப்படி அருகே இருந்த சோடா மெஷினில் அதைப் போட்டுவிட்டுப் போனார்.

சென்ற குளிர்காலத்தில் மில்லியின் சுருள் ஒன்றில் அதே 1943, அதே இரண்டாம் இமை. தேய்ந்து தட்டையாக இருந்தது. காயம் என்று ஒதுக்கப்போனவள், நாணயத்தை மெல்லத் திருப்பினாள். எழுத்துகளின் மூலையில் சின்னஞ்சிறு பிளவு கண் சிமிட்டியது. காயத்துக்கு அந்தப் பிளவு வராது. நூற்றுக்கணக்கான கைகள் தேய்த்துத் தேய்த்து மச்சத்தைக் காயம்போல ஆக்கியிருந்தன! புத்தம்புது நாணயங்களின் இரட்டையைப் பார்த்தே பழகிய கண் செய்யும் பிழை அது. ஆர்விலின் நிக்கலும் இதே அச்சில்தான் பிறந்திருக்கவேண்டும்.

அன்று என் வீட்டுக்கு வந்து நின்றாள். "அந்த ஆர்விலோடது நெஜம்டி. அத நான்தான் கொன்னுட்டேன்."

அன்றுமுதல் தினம் இரண்டு சுருள். ஆர்விலின் நிக்கலைத் தேடுகிறாள். அது எங்கே இருக்கும்? ஒமாஹாவில் ஒரு சலவைக்கடைத் தரையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கலாம். மிசிசிப்பி ஆற்றில் யாரோ ஒரு பெண் ஏதோ வேண்டிக்கொண்டு எறிந்திருக்கலாம். அந்த இரண்டாம் இமை நீருக்கடியில் மூடாமல் விழித்திருக்கலாம். மில்லிக்கும் தெரியும், கிடைக்காது. கிடைத்த பிறகு சொல்லலாம் என்பது, சொல்லாமல் இருப்பதற்கு அவள் கண்டுபிடித்த வழியாக இருந்தது.

ஆனால் எழுபத்தொன்பது வயது ஆர்வில் வரும் திங்களன்று மகளோடு இருக்கப் பாலைவன நகரமான டூசானுக்கே போகிறார். சென்ற சனிக்கிழமை அவருக்கு வழியனுப்பு விழா. ராய்ஸ், "பாலைவனத்துல நாணயம் துருப்பிடிக்காது, ஆளுதான் காஞ்சு போவான்" என்று கேலி பேசிக்கொண்டிருந்தார். மில்லி எழுந்தாள்.

"ஆர்வில், அந்த நாப்பத்திமூணு. நான் சொன்னது தப்பு. அது நெஜமான ரெட்டை."

ஆர்வில் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அத மொதல்ல இங்காகிட்டதான் காட்டினேன்" என்றார். இங்கா, காலமான அவர் மனைவி. "ஆஸ்பத்திரில, கடைசி வாரம். லென்ஸை அவ கண்ணுல வச்சுப் பிடிச்சேன். 'நம்மகிட்டயும் ஒண்ணு இருக்கா'ன்னு சிரிச்சா. நீ இல்லேன்னதும் போய் அவகிட்ட சொன்னேன், அது ஒண்ணும் இல்லையாம்னு."

மில்லியின் கை மேசையைப் பற்றியது. "என்ன சொன்னாங்க?"

"'போனா போவுது, அழகாத்தானே இருந்துச்சு'ன்னா."

"ஏன் ஆர்வில் என்னைத் திட்டல?"

"திட்டி? நீதான் கோர்ட்டாச்சே." அவர் குரல் உயர்ந்தது. ஒன்பது ஆண்டுகளில் அவர் கோபப்பட்டு நாங்கள் பார்த்தது அதுதான் முதல்முறை. "ஒரு நிமிஷம், மில்லி. கூட ஒரு நிமிஷம் பார்த்திருக்கலாம்ல?"

"பார்த்திருக்கணும்" என்றாள். கண்ணீர் வழிவதைத் துடைக்கவில்லை.

பிறகு ஆர்வில் சட்டைப் பையைத் துழாவினார். காலைக் காபிக்கடையில் வாங்கிய சில்லறை. அதிலிருந்து ஒரு நிக்கலை, ஆண்டைக்கூடப் பார்க்காமல், விளக்கின் அடியில் நகர்த்தி வைத்தார்.

"இது என்னன்னு சொல்லு."

மில்லி குனியவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துத் தன்னருகே போட்டாள். லென்ஸை ஸ்வெட்டர் நுனியில் துடைத்து, முதலில் அவரிடம் நீட்டினாள்.