திரையில் தெரிந்த முள்

என் கணவர் லிங்கி ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பழக்குலை வெட்டுகிறார். மட்டை முள் குத்துவது அவருக்குப் புதிதல்ல. அந்தத் திங்கட்கிழமை கையுறையைத் துளைத்துக்கொண்டு ஒரு முள் வலது ஆள்காட்டி விரலின் மூட்டருகே ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை விரல் மடங்கவில்லை. தோட்டத்துக் கிளினிக்கில், "உள்ள ஒண்ணும் இல்லலா" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் மதியம் எங்கள் மகள் சாப்பாட்டு மேசையில் பள்ளி அறிவியல் திட்டத்தைச் செய்துகொண்டிருந்தாள். அதற்காக வாங்கிய கணினி மைக்ராஸ்கோப் தடித்த பேனா அளவுதான் இருக்கும். முனையைச் சுற்றிச் சின்னச் சின்ன விளக்குகள். வயரை மடிக்கணினியில் செருகினால், அடியில் வைத்தது திரையில் விரியும். அவள் செம்பனை ஓலையின் பழுப்புப் புள்ளிகளைப் படமெடுத்தாள். அவள் இல்லாத நேரத்தில் நானும் சீனியை, எறும்பை வைத்துப் பார்ப்பதுண்டு.

அவர் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க முடியவில்லை.

"கைய இதுக்கு அடியில வைங்க."

"நான் என்னா பூச்சியா?" என்றார். ஆனாலும் வைத்தார்.

திரையில் உழுத நிலம் போலத் தோல் தெரிந்தது. வீக்கத்தின் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. அழுக்காக இருக்கும் என்றார். சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி மறுபடி பார்த்தோம். புள்ளி போகவில்லை.

"அப்பா, இது முள்ளுதான். உடைஞ்சி உள்ள நிக்குது" என்று சொல்லி, மகள் உடனே படத்தைச் சேமித்துத் தன் கைப்பேசிக்கும் அனுப்பிக்கொண்டாள்.

நான் ஊசியைத் தீயில் காட்டி எடுத்து வந்தேன். மகள் கருவியைச் சற்று உயர்த்திப் பிடித்தாள். கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு ஊசியை வலப்பக்கம் நகர்த்தினால் திரையில் அது இடப்பக்கம் போனது. இரண்டு முறை தவறான இடத்தில் குத்தினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். மூன்றாம் முறை ஊசி முனை புள்ளியைத் தொட்டது. நெம்பினேன். வெளியே வருவதற்குப் பதிலாகப் புள்ளி சுருங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கிடைத்துவிடும் என்று தோன்றியது. அழுத்தினேன். திரை முழுக்க இரத்தம்.

"மா, போதும்! உள்ளதான் போவுது!"

மகள் கத்திய பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். வெளுத்திருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. ஊசியைக் கீழே போட்டேன். துணியைச் சுற்றி, காரை எடுத்துப் போர்டிக்சன் மருத்துவமனைக்கு ஓட்டினேன்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பவும் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். மகள் தன் கைப்பேசியில் இருந்த படத்தை நீட்டினாள். அங்கிருந்த இளம் டாக்டர் அதைப் பெரிதாக்கி வெகு நேரம் பார்த்தார்.

"மர முள்ளு எக்ஸ்ரேல தெரியாது. தொறந்து பாத்துருவோம், அண்ணே."

மரத்துப்போக ஊசி போட்டுக் கீறி, அரிசி நீளத்துக்கு ஒரு முள் முனையை எடுத்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "இத நோண்டுனது யாரு? இன்னும் கொஞ்சம் போயிருந்தா மூட்டுக்குள்ள எறங்கியிருக்கும். இனிமே இப்படிச் செய்யாதீங்க, அக்கா." நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

திரும்பும்போது மகள் பின்னிருக்கையில் தூங்கிவிட்டாள். அவர் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"நீ குத்தும்போது அலறிருப்பேன். புள்ள பயந்துரும்னு அடக்கிக்கிட்டேன்" என்றார்.

காரை ஓரமாக நிறுத்திவிட்டு, கட்டுப் போட்ட அவர் கையை மெல்ல எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.