கறுப்பு டேப்புக்குக் கீழே எரிந்த விளக்கு

"நான் மூச்சு விடுற வரைக்கும் நம்ம வாசல்ல டாக்ஸி வந்து நிக்காது. என் பொண்ணு பிரசவத்துக்குப் போறது நம்ம வேன்லதான்!"

மகளுக்கு டாக்டர் பிரசவத் தேதி சொன்ன அன்று, சாப்பாட்டு மேசையில் கேப்டன் இப்படி முழங்கினார். கேப்டன் என்றதும் கப்பலைத் தேட வேண்டாம். துணிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிறவர். ஏழு பேர் உட்காரும் கிழட்டு வேன் ஒன்றை ஓட்டுவதால் வீட்டார் மனமிரங்கிச் சூட்டிய பட்டம் அது.

அந்த வேனுக்குச் சொந்தப் புத்தி உண்டு. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று செத்துப்போகும். மெக்கானிக் முதலில் இஞ்சினை இறக்கி ஏற்றினார். பிறகு வேறு இஞ்சினையே மாட்டினார். புது இஞ்சினாக வந்த மருமகளும் பழைய மாமியார் வழிக்கே போனாள். குடும்பமும் பழகிக்கொண்டது. வண்டி நின்றதும் யாரும் எதுவும் கேட்பதில்லை. மனைவி சன்னலைத் திறப்பார். மகள் கதவைத் தள்ளுவாள். கேப்டன் பானட்டைத் தூக்கிவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர்போல் கைகட்டி நிற்பார். சூடு தணிந்ததும் வண்டி கிளம்பும்.

"பாத்தியா, கோவம் போயிடுச்சு!" என்பார்.

கோளாறு என்று சொல்லும் சிவப்பு விளக்கு மட்டும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் விடாமல் எரிந்தது. பிள்ளைத்தாய்ச்சி பார்த்துப் பயப்படக் கூடாதே என்று, பரந்த மனத்தோடு அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினார்.

"ஏண்ணே, விளக்க மூடினா வியாதி போயிடுமா?" என்றார் மெக்கானிக்.

"அது சின்ன வயசுலருந்தே பொய் சொல்ற விளக்கு தம்பி."

ஆஸ்பத்திரிக்குப் போக, மலையைக் குடைந்த நீளமான சுரங்கப்பாதை ஒன்றுதான் வழி. கடைசிப் பரிசோதனைக்குப் போகையில், அதன் நட்டநடுவில் வேன் நின்றது. ஒதுங்க இடமில்லை. சன்னலைத் திறந்தால் புகை. பின்னால் ஒரு லாரியின் ஹாரன் சுவருக்குச் சுவர் முட்டிக்கொண்டு நெருங்கியது. பிரேக் கிறீச்சிட்டு அது நின்றபோது, பின்கண்ணாடி முழுக்க லாரியின் மூஞ்சி. மகள் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

அந்த இருட்டில்தான் கேப்டன் பார்த்தார். டேப்பின் நான்கு ஓரத்திலும் சிவப்பு கசிந்துகொண்டிருந்தது.

"கோவம் போயிடுச்சாப்பா?" என்றாள் மகள், மெதுவாக.

கேப்டன் இறங்கிப் போய் பானட்டைத் தூக்கினார்.

சூடு தணிந்து வேன் எப்படியோ அவர்களை வெளியே கொண்டுவந்து சேர்த்தது. மெக்கானிக் மறுபடியும் எதையோ மாற்றினார். "இனிமே ஓடும்ணே" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஓடணும்" என்றார்.

வெயில் ஏறிய ஒரு காலையில் வலி கண்டது. மனைவி பையும் கையுமாக ஓடி வந்தார். "என்னங்க, வண்டிய எடுங்க!"

கேப்டன் சாவியைத் திருப்பினார். என்றைக்குமில்லாத அதிசயமாக, முதல் திருப்பிலேயே வேன் பால் குடித்த பூனைபோல் உறுமியது.

"பாருங்க, இன்னைக்கு நல்ல புத்தியா இருக்கு!" என்றார் மனைவி.

கேப்டன் நகத்தால் டேப்பைக் கிள்ளி உரித்தார். உள்ளே விளக்கு, ஒரு நாளும் தூங்காத கண்ணாக, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தார்.

"ஐயையோ, நின்னுடுச்சா?"

"இல்ல. நான்தான் நிறுத்தினேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குக் கேட்காத குரலில் போன் பேசினார். பிறகு கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, வாசலை அடைத்துக்கொண்டு நின்ற வேனுக்குத் தோள் கொடுத்து, மூச்சு வாங்க வாங்க ஓரமாகத் தள்ளினார், டாக்ஸி வந்து நிற்க இடம் வேண்டுமே.