சுக்கு மணக்கும் உறை

என் மேசை இழுப்பறையில் ஒரு பழுப்புக் காகித உறை கிடக்கிறது. காலி உறைதான். தடித்த தாள், வாயை மடித்தால் மொறமொறவென்று சத்தம் போடும். மட்டாஞ்சேரியின் கொச்சங்காடிக் கிடங்குகளில், சுக்கு வாங்க வரும் வியாபாரிகளுக்கு மாதிரிக்கு ஒரு கிலோ போட்டுக் கொடுக்க இப்படிப் பெரிய உறைகளைக் கட்டாக வைத்திருப்பார்கள். மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் லேசாகக் காரம் ஏறுகிறது. அத்தை அந்தக் கட்டிலிருந்து இரண்டை உருவினாள். ஒன்று மனித ரத்தத்தைச் சுமந்துகொண்டு ஆய்வுக்கூடம் வரை போயிற்று. மற்றது இது.

அத்தை என் அப்பாவின் தங்கை. மட்டாஞ்சேரியில், தமிழ்க் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு சந்தில் எங்களுக்கு அடுத்த வீடு. காலையில் போலீஸ் ஸ்டேஷனைப் பெருக்கித் துடைப்பாள். பத்து மணிக்கு மேல் இஞ்சி காயவைக்கும் முற்றத்தில் கூலி வேலை. உலகத்தில் அவளுக்கு இரண்டே இனம்: ஈரமானது, உலர்ந்தது. கைகுலுக்க வருபவரின் உள்ளங்கையைக்கூட அப்படித்தான் எடைபோடுவாளோ என்று எனக்குத் தோன்றும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஒரு ஜூன் மழையில், மிளகுக் கிடங்கு ஒன்றின் காவலாளி தலையில் அடிபட்டு இறந்து கிடந்தார். முந்தைய வாரம்தான் அவரோடு சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருந்தார் என் சித்தப்பா. சித்தப்பா அத்தையின் தம்பி, மூட்டை தூக்குபவர். போலீஸ் வந்தபோது கொடியில் மழையில் நனைந்து தொங்கிய அவர் சட்டையில் ரத்தக் கறை. மூட்டையைக் குத்தி இழுக்கும் கொக்கி கையைக் கிழித்துவிட்டது, அந்த ரத்தம் என்றார் சித்தப்பா. கையில் காயமும் இருந்தது. காயம் கைகலப்பிலும் வருமே என்று சொல்லி, அவரையும் சட்டையையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது போலீஸ்.

மறுநாள் காலை அத்தை வழக்கம்போல விளக்குமாற்றோடு கிளம்பினாள். போகாதே என்று நாங்கள் தடுத்தோம். "நான் போகலேன்னா அவன் மூஞ்சியை யாருடீ பாத்துட்டு வருவா?" என்றாள். ஸ்டேஷனில் தம்பியைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மேசைமேல் அந்தச் சட்டையைப் பார்த்தாள். பிளாஸ்டிக் பையில் திணித்து, வாயை இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே நீர்த்துளிகள் வேர்த்து நின்றன. எழுத்து வேலையெல்லாம் பார்க்கும் ஏட்டு, எல்லோருக்கும் 'ரைட்டர் சார்', பாலக்காட்டுத் தமிழர். அவர்கள் பேசியதை அத்தை இரண்டு குரலிலும் நடித்துக் காட்டுவாள்.

"சாரே, இப்பிடிக் கெட்டி வச்சா நாளைக்கே பூப்பல் பிடிச்சு அழுகிப் போகும்."

"ஓ, சேச்சி எப்போ சயின்டிஸ்ட் ஆனே? உன் தம்பி சட்டையாக்கும். நீ அதைத் தொடப்படாது, கேட்டியா?"

"நான் தொடல்லை. நீங்க தொடுங்க. நனைஞ்ச இஞ்சியை எந்தப் பைத்தியமாவது பிளாஸ்டிக்குல கெட்டுமா?"

ரைட்டர் சார் முடிச்சை அவிழ்த்தார். புளித்த வாடை வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெயிலே இல்லையே, எங்கே காயப்போட என்று எரிந்து விழுந்தார். மழைநாளில் சுக்கைக் கூரைக்கடியில் காற்றில்தான் காப்பாற்றுவோம் என்றாள் அத்தை. சாட்சிப் பொருள்களைப் பூட்டி வைக்கும் அறையில் அவரே கயிறு கட்டி, அவரே தொங்கவிட்டு, விசிறியைச் சுழலவிட்டார். மறுநாள் அத்தை வாசலில் நின்றபடி உறைகளை நீட்டினாள். அவர் ஒன்றை மட்டும் வாங்கி, சட்டையை வைத்து, அரக்கு முத்திரை போட்டு, செய்ததையெல்லாம் எழுதியும் வைத்தார்.

அப்போது நான் ஒரு மலையாள வக்கீலிடம் டைப்பிஸ்ட். சித்தப்பாவின் வழக்கை அவரே எடுத்துக்கொண்டார். இறந்தவருக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே ரத்த வகை. பழைய சோதனை அதற்குமேல் எதுவும் சொல்லாது. டி.என்.ஏ. என்று ஒன்று வந்திருக்கிறது, ஒரே அச்சான இரட்டைப் பிள்ளைகளைத் தவிர ஆளுக்கு ஆள் மாறும், போலீஸ் சட்டையை அதற்கு அனுப்பும், அது சொல்லிவிடும் என்றார் வக்கீல். அந்த மூன்று எழுத்தை அன்றுதான் முதன்முதலாக டைப் அடித்தேன். அத்தை வாயால் சட்டை காய்ந்த கதையைக் கேட்டதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எந்து பணியா சேச்சி செஞ்சது? அது அழுகிப் போயிருந்தா நமக்கல்லே லாபம்? சந்தேகத்துல விட்டிருப்பாங்க."

அத்தை அவர் கீழே வைத்த பேனாவைப் பார்த்தாள். பிறகு, "சந்தேகத்தோட வீட்டுக்கு வந்தா, நான் எப்படி சாரே அவனுக்குச் சோறு போடுவேன்?" என்றாள்.

தம்பி செய்திருக்க மாட்டான் என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாரும் அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் தெரிந்துகொள்ளக் காத்திருந்தாள். சித்தப்பா கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். மாதங்கள் போயின. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து என் மணிக்கட்டு நரம்பைப் பார்த்துக்கொண்டே போவேன். அப்பாவும் அத்தையும் சித்தப்பாவும் ஒரே வயிற்றிலிருந்து பங்கிட்டு எடுத்து வந்தது எனக்குள்ளும் கொஞ்சம் ஓடுகிறது. அப்படியானால் அரக்கு வைத்த அந்த உறைக்குள் நானும் ஒரு மூலையில் மடிந்து கிடக்கிறேனா? ஒரு துளிக்கு இவ்வளவு ஞாபகம் எதற்கு? அது யாரை மறக்க மறுக்கிறது?

அறிக்கை வந்தது. நகல் எடுத்தவள் நான்தான். 'காகித உறை, பழுப்பு நிறம், இஞ்சி மணம் உடையது' என்ற வரியில் விரல்கள் நின்றுவிட்டன. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கறை முழுவதும் சித்தப்பாவின் சொந்த ரத்தம். வேறு சாட்சி எதுவும் இல்லாததால் விட்டுவிட்டார்கள். காவலாளியின் ஊர்க்காரன் ஒருவன் பிறகு பிடிபட்டான்.

சித்தப்பா வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் அத்தை கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும் வைத்தாள். அவள் செய்ததை அதற்குள் யாரோ சித்தப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் அவர் கையை நிறுத்தினார்.

"அக்கா, அது அந்தாளு ரத்தமா இருந்திருந்தா?"

அத்தை குழம்புச் சட்டியைச் சாய்த்து அடியில் கிடந்த துண்டத்தை அவர் தட்டில் போட்டாள். "இருந்திருந்தா இதே மீனை ஜெயிலுக்குக் கொண்டு வந்திருப்பேன். செஞ்சவன் நீன்னு தெரிஞ்சே கொண்டு வந்திருப்பேன். சாப்பிடு."

சித்தப்பா அந்தத் துண்டத்தின் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு சாப்பிட்டார்.

இப்போது அத்தை இல்லை. நகரத்தில் வைட்டிலா பக்கம் கண்ணாடிக் கட்டடங்களில் பெயரும் விலையும் எழுதி வைத்து இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். தகப்பன் யார், பூர்வீகம் எங்கே என்று கேட்டு ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர், எந்தப் பதில் வந்தாலும் சோறு போடத் தயாராக வந்தவர்கள் என்று எட்டிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஒவ்வொரு ஜூனிலும், முதல் மழை ஓட்டில் விழும்போது, இழுப்பறையைத் திறந்து இந்த உறைக்குள் விரலை விட்டுப் பார்க்கிறேன். ஈரம் இல்லை.