படத்துக்கு மட்டும் கட்டிய கடிகாரம்

மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரே ஒரு சுவிஸ் கைக்கடிகாரம்தான் இருந்தது. சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர், ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணிக்குக் கொடுத்துவிட்டுப் போனது. கடிகாரத்தைவிட அதைச் செய்தவர்களின் பெருமைதான் அவருக்கு உயிர். பனிமலைக்கு நடுவே ஓர் ஊர், அங்கே ஐந்து தலைமுறையாகக் கடிகாரத்தைத் தவிர வேறெதையும் தொடாத குடும்பம், அவர்கள் வாசலில் காத்துக் கிடந்த ராஜாக்கள் என்று அடுக்குவார். தம் சொந்தப் பாட்டனாரின் பெயரைக் கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார்.

அதற்கு அவர் சாவி கொடுப்பதே இல்லை. கொடுத்தால் உள்ளே தேய்ந்துவிடுமாம். அதனால் அது பத்தே காலிலேயே நின்றது. தண்டவாளத் துண்டைத் தட்டும் சத்தத்தில் நாங்கள் எழுந்து பெரட்டு என்ற விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்குப் போனோம். கடிகாரத்துக்கு இருந்த வேலை வேறு. பெண் தேடும் சின்னக் கிராணிகள் சிகாமட் டவுனில் ஜப்பான்காரரின் படக்கடைக்குப் போட்டோ எடுக்கப் போகும்போது அதை இரவல் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். முகம் மங்கினாலும் பரவாயில்லை, மணிக்கட்டு பளிச்சென்று விழ வேண்டும்.

நானும் கட்டிக்கொண்டேன். லாபிஸ் ஸ்டேஷன் மாஸ்டரின் மகளை ஒருமுறை ரயிலிலிருந்து பார்த்திருந்தேன். பாதையில் நின்ற ஆட்டை அதட்டி விரட்டிக்கொண்டிருந்தாள். அந்த அதட்டலை ஆயுள் முழுக்க வாங்கிக்கொள்ள எனக்கு ஆசை வந்துவிட்டது. தரகர் மூலம் படத்தை அனுப்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவே எங்கள் ஆபீசுக்கு வந்தார்.

"தம்பி, உங்க தோட்டத்துலருந்து மூணு மாப்பிள்ளை படம் வந்துச்சு. மூணு பேரும் பத்தே காலுக்குத்தான் படம் எடுப்பீங்களா?"

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதைதான். அதுவும் போயும் போயும் ஒரு ரயில்காரரிடமா ஓடாத கடிகாரத்தைக் காட்டுவேன்!

"யாரோடது அது?"

"நம்மளோடதுதாங்க" என்று எழுந்து வந்தார் பெரிய கிராணி. பட்டுக் கைக்குட்டையைப் பிரித்துக் கடிகாரத்தை நீட்டி, பனிமலையில் தொடங்கி ராஜாக்கள் வரை ஒன்று விடாமல் சொன்னார்.

"அப்புறம் ஏன் ஓடல?"

"சாவி குடுத்தா தேஞ்சிடுங்க."

எனக்குக் குஷியாகிவிட்டது. இனி இவருக்குத்தான் மண்டகப்படி என்று நினைத்தேன். ஸ்டேஷன் மாஸ்டரோ கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"ஒரு சாமானை இப்படிக் கண்ணுல வச்சுக் காப்பாத்துற ஆளை இப்பதாங்க பாக்குறேன். வீட்டுல யார் யாரு இருக்காங்க?"

"சம்சாரம் தவறிட்டாங்க. பிள்ளைங்க இல்ல. ஒண்டிதாங்க."

ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பெரிய கிராணியோ நாற்பது தாண்டியவர், முன்பல் இரண்டு இல்லை, அதெல்லாம் அந்த மனுஷன் கண்ணில் படவே இல்லை. கீறலைத்தான் தேடினார்.

தை மாதமே கல்யாணம். பெரிய கிராணிக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் மலாயாவில் இல்லை என்பதால் என்னையே மாப்பிள்ளைத் தோழனாக நிறுத்தினார்கள். வயிற்றெரிச்சலோடு, மாலையும் கழுத்துமாக நடந்த இருவருக்கும் பின்னால் குடை பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தேன். பாதி வழியில் அவள் திரும்பி, முதன்முதலாக என்னிடம் பேசினாள்.

"அண்ணே, அவருக்கு வெயில் அடிக்குது. கொஞ்சம் இந்தப் பக்கம் பிடிங்க."

பிடித்தேன்.