உப்பு மூட்டையும் உப்பில்லாக் கஞ்சியும்

பத்தியம் இருக்கும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். வேர்த்தால் என் உடம்பில் மீன் கவிச்சி அடிக்கும். சிறு வயது முதலே உள்ள வியாதி. வைத்தியர் மீன், முட்டை, மொச்சை மூன்றையும் விலக்கச் சொன்னார். நாற்றம் பாதி குறைந்தது. மீதியும் ஒழியட்டும் என்று நானாகவே உப்பையும் நிறுத்திவிட்டு, வெறும் சாமைக் கஞ்சியிலேயே நாளை ஓட்டினேன்.

ஐப்பசியில் நானும் என் கணவரின் அக்காள் பாவாயியும் முள்ளுக்குறிச்சியிலிருந்து உப்பு சுமந்துகொண்டு, மிளகு மாற்றிவரக் கொல்லிமலை ஏறினோம். எப்போதும் போல அவள் எனக்கு நாலு எட்டு முன்னால் நடந்தாள். காரணம் எனக்குத் தெரியும். பாதி மலையில் மூடுபனி இறங்கி அவளை மறைத்தது. எனக்குக் கண் இருட்டியது. கூப்பிட நாக்கு எழவில்லை. மூட்டையோடு பாதையோரம் சரிந்தேன். ஒரு கால் பள்ளத்தின் மேல் தொங்கியது. அவள் காலடி ஓசை தேய்ந்து போயிற்று.

பிறகு யாரோ என் கையைப் பற்றி இழுத்தார்கள். பாவாயிதான். மூட்டையை அவிழ்த்து, நாலு கல் உப்பைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினாள்.

"நான் உழுந்தது எப்படிங்க தெரிஞ்சுது?" என்றேன்.

"பின்னால உன்ர வாடை வரலியேன்னு திரும்புனேன் கண்ணு."

வைத்தியர் விலக்கிய மூன்றையும் இன்றும் தொடுவதில்லை. கஞ்சிக்கு உப்புப் போட்டுக்கொள்கிறேன். மலையேறும்போது என்னை முன்னால் நடக்கவிட்டு, பாவாயி பின்னால் வருகிறாள்.